தனுஷ்கோடிக்குப் போன கடைசி வண்டி

கேரளத்தின் தென்எல்லையிலுள்ள காரோட்டிலும் பாறசாலையிலும் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னரே புகைவண்டி என்னும் பாக்கியம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அரை நூற்றாண்டு காலம் இரு தேசங்களைப் பிணைத்து நின்ற ஒரு நிலையம் ஓரிரவில் மறைந்துபோயிற்று என்று அறிந்த நாள்முதல் தனுஷ்கோடி என் மனத்தை விட்டு அகலவில்லை.

1914 பிப்ரவரியில் 145 கண்களைக் கொண்ட பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், அதுவரை தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்கு நெடுங்கடல் கடந்த பிரயாணிகள், சென்னையில் போட் மெயில் என்னும் ரயிலில் ஏறித் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறலானார்கள். ஒரே பிரயாணச் சீட்டு கொழும்பு வரை செல்லுபடியாயிற்று. இங்கே ஒரு விசேஷத்தையும் சொல்லவேண்டும்: பாம்பனிலிருந்து பிரதான பாதை சென்றது தனுஷ்கோடிக்கே; மகா க்ஷேத்திரமாகிய இராமேசுவரம் ஒரு கிளைப்பாதையின் முடிவாகத்தான் இருந்தது. சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதாகோயில், ரயில்வே ஆஸ்பத்திரி என்று அந்த மணல்திட்டில் தழைத்த அனைத்துக்கும் அந்த நிலையமே ஜீவநாடி.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனை விட்டுப் புறப்பட்ட 653-ஆம் எண் பாஸஞ்சர், நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு தனுஷ்கோடியை நெருங்குகையில், புயலோடு எழுந்த பேரலை வண்டி முழுவதையும் வாரிக்கொண்டது. ஒருவரும் கரை சேரவில்லை. அவர்கள் போய்ச் சேரவேண்டிய ஊரும் அதே இரவில் அழிந்தது.

அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, கேரளத்தில் பிறந்த ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் 46 நாட்களில் செப்பனிட்டு வண்டி ஓடச் செய்தார். எங்கள் நாட்டவர் செய்த காரியம் என்று நாங்கள் பெருமைப்படுவது அது. ஆயினும் வண்டி இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது. வசிக்கத் தகாத இடமென்று அரசு அறிவித்த தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. இராமேசுவரத்துக்கு மாறிய கப்பல் சேவையும் 1980-களில் இலங்கைக் கலவரத்தோடு அற்றுப்போயிற்று. 2019-இல் கன்னியாகுமரியில் நடந்த விழாவில், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர்ப் புதுப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கடல் கைப்பற்றிய மணலில் மீண்டும் வண்டி ஓடவேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. எஞ்சிய நிலையச் சுவர்களை உப்புக்காற்று தின்று தீர்க்குமுன் அரசு காக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம். தனுஷ்கோடியைத் தாண்டியுள்ள அரிச்சல்முனைக்குச் சாலை வந்தபின் திரளாகச் செல்லும் அன்பர்களே, அச்சுவர்களில் பெயர் கீறாதீர்கள். அங்கிருந்து ஒரு கல்லையும் பெயர்த்து எடுத்து வராதீர்கள்.