பின்சக்கரம் ஏன் மடங்குகிறது?

பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரை வளைவில் அதிவேகமாகத் திருப்புங்கால், அதன் பின்பாகம் திடீரென எழும்பி வழுக்குவதேன்? பின் அச்சுக்கள் ஒவ்வொன்றும் கியர்ப்பெட்டியை ஒட்டிய ஒரே மூட்டில் கதவுபோல் ஊசலாடுவதால், வெளிச்சக்கரத்தின்மீது சாலை செலுத்தும் பக்கவாட்டு விசை அம்மூட்டையும் அதனோடு வண்டியின் உடலையும் உயர்த்திவிட, சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கி, டயர் பிடிப்பை இழக்கிறது.

இதற்கு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க சிறந்த பரிகாரம், கியர்ப்பெட்டியின் கீழே நடுவில் அசையும்படி பொருத்தப்பட்டு, இரு நுனிகளாலும் அச்சுக்களைக் கீழிருந்து தாங்கும் குறுக்குப் பட்டைவில்லாகும். சக்கரங்களிரண்டும் ஒருசேரக் கீழிறங்குவதை அது எதிர்க்கும், ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதையோ தடுக்காது. செவ்ரோலே நிறுவனமும் இதே குறையைப் போக்க 1964-ஆம் வருஷத்துக் கோர்வேர் காரில் குறுக்குப் பட்டைவில்லையே சேர்த்தது. இவ்வில்லைப் பொருத்தும் வேலைக்கு ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது; உறுதியான இரும்புத் தாங்கிகள் அவசியம்.