48 நிமிடக் கணக்கு

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் ஓசை ஓய்வதே இல்லை. பழுப்பு நிலக்கரி பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலே மூடியிருக்கும் மண்ணை எடுத்தால்தான் அதைத் தொட முடியும். எடுப்பவை பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள். பெரிய எந்திரங்களில் ஒரு வாளி மட்டுமே 1,400 லிட்டர் கொள்ளும். வாளி கொட்டும் மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, மறுகோடியில் ஸ்ப்ரெடர் வழியாகக் குவிகிறது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் பீறிட்டு வந்துவிடாதபடி பம்புகள் இரவு பகலாக இறைக்கின்றன. வெட்டிய கரி மின் நிலையத்துக்குப் போனால் அங்கே கரியைப் பொடிக்கும் மில், காற்றை ஊதும் ஃபேன், டர்பைன். 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நாள் முதல், தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் இந்த இரைச்சலுக்குள்தான் ஷிஃப்ட் பார்க்கிறார்கள்.

இது நீண்ட ஓசை. இதே ஊரில் குறுகிய ஓசையும் உண்டு. இங்குள்ள கடலூர் மணற்பாறை எந்திர வாளியின் பற்களையே தேய்த்துவிடும் அளவுக்குக் கடினமானது. ஆகவே துளை போட்டு வெடி வைத்துத் தளர்த்திய பிறகே பல இடங்களில் எக்ஸ்கவேட்டர் இறங்குகிறது. இந்தச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் காவல் பணியில் இருக்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினருக்குத் துப்பாக்கிப் பயிற்சி தொழிலின் ஒரு பகுதி. சுற்றுவட்டாரத்தில் கவுதாரியும் காடையும் நரியும் தேடிப் போன நரிக்குறவர்கள் கரிமருந்தைக் குழலுக்குள் இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தார்கள். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனாலும் துப்பாக்கி காதுக்குச் செய்வதைத் தெரிந்துகொண்டால், சுரங்கம் காதுக்குச் செய்வதும் விளங்கிவிடும்.

காதுக்குள் நடப்பது

செவிப்பறையில் மோதும் காற்றதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உள்ளே கடத்துகின்றன. உள்ளே காக்லியா என்ற சுருள் குழாய். அதன் நெடுக, ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதிர்வில் மயிர்கள் வளைந்தால் நரம்புக்குச் சேதி போகும். மிதமான காற்றில் வளையும் நெற்பயிர் காற்று ஓய்ந்ததும் நிமிரும். ‘தானே’ புயல் போன்ற ஒன்று அடித்தால் வேரோடு சாய்ந்துவிடும். நுண்மயிர்ச் செல்லும் அப்படித்தான். ஷிஃப்ட் முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும், உள்ளே ரீங்காரம் கேட்பதும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவதும் முதல் நிலை. அது தினமும் தொடர்ந்தால் செல் இறந்துபோகும். கோழிக்கும் குருவிக்கும் இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும் என்று 1980-களில் கண்டறிந்தார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை.

‘காலையில் சரியாகிவிட்டது’ என்பதையும் முழுதாக நம்புவதற்கில்லை. 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை உரத்த ஓசை கேட்க வைத்துச் சோதித்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் பல திரும்பி வரவே இல்லை.

சேதம் முதலில் விழுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். காதுத் துளையின் நீளமே சுமார் 3,000 ஹெர்ட்ஸ் ஓசையைப் பெருக்கிக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். கேள்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். சுரங்கத் தொழிலாளி, கொதிகலன் தொழிலாளி, துப்பாக்கி சுடுபவர் மூவருக்கும் ஒரே இடத்தில்தான் பள்ளம். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அலைகளில் இருப்பதால் பேச்சு காதில் விழும். மெய்களின் உரசல் ஒலி மேலலைகளில் இருப்பதால் ‘காசு’ என்றார்களா ‘காது’ என்றார்களா என்று பிரிக்க முடியாது. வீட்டில் டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போவது இப்படித்தான்.

துப்பாக்கி ஏன் தனி வகை?

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச்சத்தம், சுடுபவரின் காதருகே 140 முதல் 170 டெசிபல் உச்சம் வரை போகும். டெசிபல் நேரடியாகக் கூட்டிக் கழிக்கும் அளவு அல்ல. 60-க்கும் 140-க்கும் இடையே காற்றழுத்த அலையின் வீச்சு 10,000 மடங்கு வேறுபடுகிறது. 

காதுக்கு இயற்கையே ஒரு காப்பு வைத்திருக்கிறது. உடலின் ஆகச் சிறிய எலும்புத் தசையான ஸ்டேப்பிடியஸ், உரத்த ஓசை கேட்டதும் சிற்றெலும்பை இழுத்துப் பிடித்து அதிர்வைக் குறைக்கிறது. ஆனால் அது இறுக்கிப் பிடிக்கச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். துப்பாக்கி வெடியோ ஒரு மில்லி நொடிக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். தசை இறுகும்போது வெடி முடிந்திருக்கும். ஆகையால் துப்பாக்கிக்கு ஒரே ஒரு விதி: விசையில் விரல் போவதற்கு முன்பே காது மூடியிருக்க வேண்டும். முதல் குண்டுக்குப் பிறகு மாட்டினால் அந்தக் குண்டு செய்த சேதத்தைத் தடுக்க முடியாது. 

வலது தோளில் துப்பாக்கியை ஊன்றுபவருக்கு இடது காதே அதிகம் கெடும். குழல்வாயை நோக்கி இருப்பது இடது காது. வலது காதைத் தலை மறைத்துக்கொள்கிறது. பின்லாந்து போன்ற வடக்கு ஐரோப்பிய நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதைக் காக்கவே குழல்வாயில் ஓசையடக்கி பொருத்துகிறார்கள். அது 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை அதனால் அடக்க முடியாது. ஆகவே காதுக் காப்பும் கூடவே வேண்டும். சருகு சலசலப்பைக் கேட்டாக வேண்டிய வேட்டைக்காரருக்கு எலக்ட்ரானிக் இயர் மஃப் வந்திருக்கிறது. மைக் வழியே மெல்லிய ஓசையைப் பெருக்கித் தரும். உரத்த ஓசை வந்தால் பெருக்குவதை நிறுத்திக்கொள்ளும்.

தீபாவளி அணுகுண்டும் இதே வகைதான். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டும் பட்டாசுக்கு 1999-ன் விதி தடை போடுகிறது. நான்கு மீட்டருக்குள் நிற்கும் குழந்தையின் காதுக்கு அந்த விதி காவல் நிற்காது.

சட்டம் போட்ட கோடு

சுரங்கங்களுக்கு, தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1975-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் எச்சரிக்கைக் கோடு. 90 ஆபத்துக் கோடு. 115-க்கு மேல் காப்பு இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. 140-ஐத் தாண்டிய இடத்தில் எவரையும் அனுமதிக்கவே கூடாது. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது.

ஓசை கூடினால் தாங்கும் நேரம் எவ்வளவு குறையும்? நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் தந்து, ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகின்றன. அதன்படி 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் நிற்கலாம். நியாஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 85-ல் தொடங்கி 3 டெசிபலுக்கு ஒரு முறை பாதியாக்குகிறது. 3 டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் இரட்டிக்கிறது என்பதே அதன் நியாயம். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான்.

விலகி நின்றால் போதாதா? ஒற்றை எந்திரத்தை விட்டு இரட்டிப்புத் தூரம் போனால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். கன்வேயர் அப்படியல்ல. கண்ணுக்கெட்டிய வரை நீளும் பெல்ட்டின் ஒவ்வொரு உருளையும் ஓசை எழுப்புவதால், இரட்டிப்புத் தூரத்துக்கு 3 டெசிபல்தான் குறைகிறது. பெல்ட் ஓரம் ரோந்து நடப்பவருக்கு விலக இடமும் இல்லை. மூடிய, ஏ.சி. போட்ட கேபினில் இருக்கும் ஆபரேட்டர் கதவைச் சாத்தி வைத்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். வெளியே நிற்பவருக்குக் காதுக் காப்புதான் கதி.

பிளக்கா, மஃபா?

இயர் பிளக்கில் பரவலானது, அழுத்தினால் சுருங்கி மெல்ல விரியும் ஃபோம். உருட்டி நூல்போல் மெலிதாக்கி, எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, துளைக்குள் செலுத்தி, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் அது பேருக்குத்தான் இருக்கிறது. பஞ்சைத் திணிப்பதும் ஏறக்குறைய வீண். ஓசை அதன் இழைகளுக்கு இடையே புகுந்துவிடும்.

கை சுத்தமாக இருந்தால்தான் ஃபோம். கரித்தூசி படிந்த விரலால் உருட்டினால் தூசி முழுக்கத் துளைக்குள் போய் அரிப்பும் சீழும் வரும். சுரங்கத்தில் ஹெல்மெட்டோடு இணைந்த இயர் மஃப் வசதி: மேலே தூக்கலாம், இறக்கலாம். அதற்கும் குறை உண்டு. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடுக்கில் ஓசை கசியும். சித்திரை வெயிலில் மெத்தைக்குள் வியர்வை ஊறும்.

உறையில் ‘30 டெசிபல் குறைக்கும்’ என்று அச்சிட்டிருப்பது ஆய்வுக்கூடக் கணக்கு. வேலைத்தளத்தில் மஃபுக்கு அதில் கால் பங்கையும், ஃபோமுக்குப் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொல்கிறது நியாஷ். பிளக்கின் மேல் மஃப் போட்டாலும் இரண்டின் எண்களும் கூடிவிடாது. 5 முதல் 10 டெசிபல்தான் கூடுதல் கிடைக்கும். ஓசை மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது அல்லவா? சுடுதளத்தில் அந்தக் கூடுதல் அவசியம்.

அளவுக்கு மீறி அடைப்பதும் தவறு. பின்னால் வரும் டம்பரின் ஹாரனும் வெடி வைக்குமுன் ஊதும் சைரனும் கேட்டாக வேண்டும். காதுக்குள் வந்து சேருவது 75 முதல் 80 டெசிபலாக இருப்பது நல்லது.

கேள்திறன் பரிசோதனைக்குப் போகும் நாளும் முக்கியம். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு ஆடியோமெட்ரி என்ற அந்தச் சோதனைக்குப் போனால், ஓய்வில் தீரக்கூடிய மந்தமும் நிரந்தர இழப்பாகப் பதிவாகும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலை விட்டு விலகியிருந்த காதைத்தான் சோதிக்க வேண்டும். பழைய வரைபடத்தையும் கொண்டுபோங்கள். 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் ஆழமாகிறதா என்பது இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.

எந்தக் காப்பு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒருவர் 30 டெசிபல் குறைக்கும் மஃபை மாட்டியிருக்கிறார். போனில் பேச, மேஸ்திரியிடம் கேட்க, வியர்வையைத் துடைக்க என்று இரைச்சலுக்கு நடுவிலேயே அவ்வப்போது கழற்றுகிறார். மொத்தம் 48 நிமிடம். எட்டு மணி நேரத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அன்றைய ஓசை ஆற்றலின் பத்தில் ஒரு பங்கு குறையாமல் உள்ளே வந்துவிடுகிறது. ஆற்றல் பத்தில் ஒன்றாவது என்றால் 10 டெசிபல் குறைவது. ஆக, அன்றைக்கு அவருக்கு உண்மையில் கிடைத்தது 30 அல்ல, 10. பக்கத்தில் நிற்பவர் 20 டெசிபல் மட்டுமே குறைக்கும், மலிவான, உறுத்தாத பிளக்கை ஷிஃப்ட் முழுக்கக் கழற்றவே இல்லை. அவருக்குக் கிடைத்தது 20. பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எட்டு மணி நேரமும் கழற்றத் தோன்றாத ஒன்றை வாங்குங்கள். பேச வேண்டுமென்றால் முதலில் இரைச்சலை விட்டு வெளியே வாருங்கள், பிறகு கழற்றுங்கள்.