சமையலறைப் புகையைச் சுவர் வழியே வெளியேற்றுதல்

கடலூர், சிதம்பரம் பிரதேசங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு சமைப்பது வழக்கம். அப்பொழுது அடுப்புப் புகை யாவும் வீட்டுப் பெண்டிர் குழந்தைகளின் கண்ணையும் மார்பையுமே சேருகிறது. புகையுடன் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடைத்த அறையில் அது உயிருக்கே ஹானி விளைவிக்கும்.

புகைக்குழாய் வைத்த அடுப்பு நமக்குப் புதிதன்று. வார்தாவையடுத்த மகன்வாடியில் 1947ல் ‘மகன் சூலா’ வெளிவந்தது. பின்னர் 1983 முதல் 2002 வரை மத்திய சர்க்கார் இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. அவற்றுள் பல, குழாயைச் சுத்தம் செய்வாரின்றிக் கைவிடப்பட்டன. அடுப்பைக் குறை கூறுவது நியாயமன்று.

நான் கண்ட விபத்து ஒன்றைச் சொல்லுகிறேன். சிதம்பரம் பக்கத்தில் ஒரு மிராசுதார், குழாயைச் சுவரில் துளையிட்டு வெளியே நீட்டி, இறவாரத்திற்கு நேர் கீழே விட்டுவிட்டார். தை மாதம், அறுவடை ஆட்களுக்குப் பெருஞ்சமையல். உலர்ந்த கீற்று பற்றிக்கொண்டது. ஆட்கள் களத்திலேயே இருந்தபடியால் கீற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். இல்லாவிடில் வைக்கோற்போரும் போயிருக்கும்.

ஆகவே, கூரைச் சரிவு இறங்காத பக்கச் சுவரையே தேர்ந்துகொள்க. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் கீற்று, மூங்கில், மரச்சட்டம் ஆகியவற்றுக்கும் இடையே 18 அங்குலம் இருத்தல் வேண்டும். மண் அல்லது செங்கற்சுவரானால் துளையைச் சுற்றிக் களிமண் பூசினால் போதும். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவரோ உள்ளே எரியும் பொருளுடையது. அதில் குழாயைச் சுற்றி நாற்புறமும் ஓர் அடி அகலத்திற்குச் செங்கல் கட்டியே குழாயைச் செலுத்துக. படுக்கையாகச் செல்லும் பகுதி குறுகியதாயும், வெளிப்புறம் நோக்கிச் சற்று உயர்ந்தும் இருக்கட்டும்.

வெளியே வந்த குழாயை அங்கேயே நிறுத்தலாகாது. ஐப்பசியில் வாடைக்காற்றும், ஆடியில் மேல்காற்றும் சுவரில் மோதிப் புகையை உள்ளே திருப்பிவிடும். எனவே கூரை முகட்டுக்கு மேல் மூன்று அடி உயர்த்தி, மழை புகாதபடி மூடி வைக்க வேண்டும். வைக்கோல், சுள்ளி எரிப்போர் பொறி பறவாமல் கம்பி வலையும் இடுக.

உமி, கடலைத்தோடு, மரத்தூள் இவற்றை அழுத்திச் செய்த சிறு கட்டிகளை எரிக்கும் விசிறி அடுப்புகளும் இப்பொழுது உள்ளன. இவற்றில் விசிறி புகையைத் தள்ளுவதால் இணைப்புகளில் சிறு சந்தும் கூடாது. மின்சாரம் நின்றால் விசிறியும் நிற்கும். புகை அறைக்குள் திரும்பும். 2011 டிசம்பர் 30ல் வீசிய தானே புயலுக்குப் பின் நமது பகுதி பல நாள் இருளில் கிடந்ததை மறந்தவர் யார்? அவ்வேளைக்குச் சாதாரண அடுப்பு ஒன்றும் திறந்த ஜன்னலும் அவசியம்.

குழாய் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில், வெளிப்புறத்தில், கரியை வாரும் வாய் ஒன்று அமைத்துக்கொள்க. ஐப்பசிக்கு முன் ஒரு முறையும், தை அறுவடைச் சமையலுக்கு முன் மற்றொரு முறையும் நீண்ட கழியில் கந்தையைச் சுற்றி உட்புறம் துடைக்கலாம். கம்பி வலையையும் அப்பொழுதே கழற்றித் தட்டிவிடுக.