காட்டுப்பூவுக்கு ஒரு மூலை

பூசணிக்கொடி நல்லாப் படர்ந்து பூத்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்து போகிறது என்று லயத்துப் பெண்கள் பலர் சொல்கிறார்கள். உரம் பற்றவில்லை என்றுதான் நினைக்கிறோம். பல வேளை காரணம் வேறு. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். அது விரிவது ஒரே ஒரு காலை. அதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டு வந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு நிற்காது. சௌசௌவும் வெள்ளரியும் இப்படித்தான்.

தேனீ ஏன் வருவதில்லை? நம் கொடி பூக்காத மாதங்களில் அது எதைத் தின்னும்? சுற்றிலும் தேயிலை. கொழுந்தெடுக்கும் செடியில் பூ குறைவு. மிச்சமிருக்கும் வீட்டோரத்தையும் சுரண்டியால் வழித்து வைக்கிறோம். வழித்த மண்தான் சுத்தம் என்ற எண்ணம் கோப்பிக் காலத்திலேயே உண்டு. அப்படி வழித்த மலைகளில் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனதுதான் மிச்சம்.

ஆகவே ஒரு மூலையைச் சுரண்டாமல் விடுங்கள். ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். வெயில் படும் இடமாக, சுவரையும் பிள்ளைகள் நடக்கும் பாதையையும் விட்டுத் தள்ளி இருக்கட்டும். உரம், சாணம் போட வேண்டாம். போட்டால் புல்தான் கொழுக்கும், பூச்செடி அமுங்கிவிடும். புல்லை மட்டும் கையால் பிடுங்குங்கள். புளியாரை, தும்பை தானாக வரும். ஊதாப்பூ பூக்கும் போவிட்டியா, பீலிக்கரைக் காட்டுக் காசித்தும்பை ஆகியவற்றின் விதையைத் தோட்டத்து ஓரத்திலேயே எடுத்துத் தூவலாம். ஹோட்டன் சமவெளிக்குப் போனால் அங்கிருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள். அது 1988 முதல் தேசியப் பூங்கா. காட்டுச் சூரியகாந்தியும் வேண்டாம், மூலையோடு நிற்காது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மஞ்சள்பூ முள்ளுச்செடி கோர்ஸ், ஹோட்டன் சமவெளியில் பரவி, அதைப் பிடுங்க ஆள் திரட்ட வேண்டியதாயிற்று.

களைநாசினி மருந்து அந்தப் பக்கமே போகக்கூடாது. விதை உதிர்ந்த பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை கத்தியால் அறுத்துவிட்டால் சரி.

"பூ வைத்தால் குளவி வராதா?" என்று கேட்பீர்கள். மலையில் குளவிக் கொட்டுக்கு உயிரே போயிருக்கும்போது நியாயமான பயம்தான். ஆனால் கூட்டமாக வந்து கொட்டுவது கூடு கலைந்தால்தான். கூடு இருப்பது பெரிய மரத்திலும் பொந்திலும். பூவில் தேன் குடிக்கிற தனித் தேனீ, கையால் நசுக்காத வரை பெரும்பாலும் கொட்டாது. மூலைக்குப் பக்கத்து மரத்தில் கூடு கண்டால் கல்லெறியாமல் கங்காணியிடம் சொல்லுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மூலை பூக்க ஒரு மழைக்காலம் ஆகும். அதுவரை, விடிந்ததும் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் உள்ளே தடவுங்கள். பிஞ்சு பிடித்துக்கொள்ளும்.