மோட்டார் வண்டியின் மூச்சு

விரைவோட்ட மோட்டார் வண்டி பெற்றோலைக் காட்டிலும் காற்றையே மிகுதியாக உண்கின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். ஆதலின் வலிமையைப் பெருக்க விழைவோர் முதலில் காற்றுக் குழாயிலேயே கைவைக்கின்றனர்.

வடிகட்டிப் பெட்டியை அகற்றிவிட்டுத் திறந்த வடிகட்டியைப் பொருத்துவது எளிய முறை. முழக்கம் உடனே பெருகும். வாலிபர் அதனையே வலிமை என மயங்குவர். அவ்வடிகட்டி உறிஞ்சுவதோ முன்மூடிக்குள் அடைபட்ட வெப்பக் காற்று. வெப்பம் 10 பாகை ஏறினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்கு குறையும். மாவனெல்லையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாயில் லொறியின் பின்னே ஊரும் வண்டிக்கு இதனால் நட்டமே.

குழாயை முன்சக்கரத்தருகே தாழ இறக்கி வெளிக்குளிர் காற்றை எடுப்பது மற்றொரு முறை. வறண்ட நாடுகளுக்கு மிக நன்று. ஆனால் இரத்தினபுரி, களுகங்கை 2003இலும் 2017இலும் கரைபுரண்டு மூழ்கடித்த ஊர். தோட்டப் பாதைகளிலோ சிறு மழைக்கும் ஓடைகள் குறுக்கிடும். தாழ்ந்த குழாய் அந்நீரைக் குடித்துவிடும். காற்றைப்போல் நீர் அமுங்காது. மேலெழும் உந்துதண்டு அதில் மோத, இணைப்புத்தண்டு வளைந்து, இயந்திரம் ஒரு நொடியில் பாழாகும்.

சபரகமுவைக்கு ஏற்றது, குழாயின் வாயை முன்மூடியின் மேல்விளிம்பருகே உயர வைத்து, இயந்திர வெப்பம் அணுகாதபடி தகட்டால் மறைத்தலே. காற்று கூடினால் பெற்றோலின் அளவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். வேறெதையும் மாற்றாதபோது கிடைக்கும் மிகுவலிமை சிறிதே.