கம்பம் பள்ளத்தாக்கில் விருத்தசேதனம்

விருத்தசேதனம் என்பது ஆண்குறியின் முன்தோலை அகற்றும் அறுவை ஆகும். தமிழ் முஸ்லிம்கள் இதனைச் சுன்னத்து அல்லது கத்னா என்பர். இதையொட்டிய விழா சுன்னத்துக் கல்யாணம், மார்க்கக் கல்யாணம் என வழங்கும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், குறிப்பாக உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களில், இராவுத்தர்கள் கணிசமாக வாழ்கின்றனர். எனினும் இப்பகுதியில் இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

பிறமலைக் கள்ளர் வழக்கம்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிறமலைக் கள்ளரிடையே முன்னர் இவ்வழக்கம் இருந்தது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் இதனை விவரிக்கிறது. தாய்மாமன் சிறுவனைத் தோளில் சுமந்து ஊர்ப்புறத்துக்குக் கொண்டு செல்வார்; சங்கு ஊதப்படும்; நாவிதர் அறுவை செய்வார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், இச்சமூகத்தைப் பற்றி 1957இல் வெளியிட்ட நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. இதன் தோற்றத்துக்குக் கூறப்படும் காரணங்கள் பலவும் செவிவழிச் செய்திகளே.

வயது

இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தோர். அதன்படி சுன்னத்து வலியுறுத்தப்பட்ட நபிவழி. கடற்கரை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் இது கட்டாயக் கடமை. ஏழாம் நாள் செய்வது அங்கு விரும்பத்தக்கது. ஆயினும் பிறந்தவுடனே செய்தாக வேண்டும் என்பது இரண்டிலும் இல்லை. முன்பு ஒஸ்தா எனப்படும் நாவிதர், ஓடியாடும் வயதுச் சிறுவர்களுக்கே பெரும்பாலும் இதனைச் செய்தார். ஆகவே, சமய நோக்கில் பெற்றோருக்குக் கால அவகாசம் உண்டு.

மருத்துவ நோக்கு

பச்சிளங் குழந்தைக்கு முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். இது நோயன்று; சில ஆண்டுகளில் தானாகவே பிரியும். வலிந்து பின்னுக்கு இழுத்தால் புண்ணாகித் தழும்பு ஏற்படலாம். இதனை மட்டுமே காரணமாகக் கொண்டு அறுவை செய்யத் தேவையில்லை.

முதல் ஆண்டில் சிறுநீர்த்தொற்று குறைவது ஒரு பயன். ஆனால் நலமான ஆண் குழந்தைக்கு அத்தொற்று வரும் வாய்ப்பே நூற்றில் ஒன்று அளவினதுதான். ஆப்பிரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகளில் எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. அவை வளர்ந்த ஆண்களிடம், தொற்று மிகுந்த நாடுகளில் செய்யப்பட்டவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், பயன் இடரைவிட மிகுதி என்றபோதும், எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்றது.

செய்வதென முடிவெடுத்தால், பச்சிளம் பருவத்தில் புண் விரைவில் ஆறும். சிக்கல்களும் பிந்திய வயதைவிடக் குறைவு. குழந்தைக்கும் வலி உண்டு என்பதால் மரத்துப்போகும் மருந்து இன்றியமையாதது.

எப்போது செய்யலாகாது

குறைமாதக் குழந்தைக்கும் உடல்நலம் குன்றிய குழந்தைக்கும் தள்ளிவைக்க வேண்டும். சிறுநீர்த்துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் அமைந்திருந்தால் செய்யவே கூடாது. அதனைச் சீரமைக்கும் அறுவைக்கு முன்தோல் தேவைப்படலாம். குருதி உறையாமை நோய் தாய்வழியாக மகனுக்கு வருவது. எனவே தாயின் உடன்பிறந்த ஆண்களுக்கு, பல் பிடுங்கியபோதோ காயம்பட்டபோதோ குருதி நிற்காமல் போனதுண்டா என முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். சடங்கில் தோள் கொடுத்த தாய்மாமனை மருத்துவரும் விசாரிப்பது இதனால்தான். ஐயம் இருப்பின் குருதிச் சோதனை முடியும் வரை கத்தி வைக்கலாகாது.