சளிக்காய்ச்சல் தடுப்பு ஊசி யாருக்கு முதலில்?

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பல் ஒன்றில், பிரயாணிகளோடு காய்ச்சலும் வந்து இறங்கிற்று. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர் என்றும், 1,098 பேர் இறந்தனர் என்றும் கணக்கில் பதிவாயிற்று. கணக்கில் ஏறாதவர் எத்தனை பேரோ! இன்புளுயன்சா எனப்படும் இக்காய்ச்சலுக்குத் தடுப்பு ஊசி அக்காலத்திலேயே உண்டு. ஆயினும் ஊசி உலகில் இருப்பது வேறு. அது நம் ஊர் வந்து சேர்வது வேறு. இந்த இடைவெளி எதனால் உண்டாகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

போலியோ சொட்டு மருந்தைப் போல் குழந்தைப் பருவத்தில் கொடுத்து முடித்துவிடக் கூடிய மருந்தன்று இது. இக்கிருமி தன் உருவை ஓயாது மாற்றிக்கொள்வது. ஆதலின் உலக சுகாதார நிறுவனம், பல நாடுகளிலிருந்து வரும் கிருமி மாதிரிகளை ஆராய்ந்து, எவ்வகைக் கிருமிகளைக் கொண்டு மருந்து செய்ய வேண்டும் என்பதைப் பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும், செப்டம்பரில் தென்பாதிக்கும் அறிவிக்கிறது. பெரும்பாலும் கருவுற்ற கோழிமுட்டைக்குள் கிருமியை வளர்த்தே மருந்து தயாரிக்கின்றனர். இதன் சிரமம் கோழி வளர்ப்போருக்கு எளிதில் விளங்கும். லட்சக்கணக்கான நல்ல முட்டைகள் ஒரே காலத்தில் வேண்டுமானால் பண்ணையைப் பல மாதம் முன்னதாகவே ஆயத்தம் செய்தல் வேண்டும். மருந்து கைக்கு வர ஐந்தாறு மாதங்கள் ஆகின்றன. நமக்கு அவசரம் என்பதற்காகக் கோழி இருமடங்கு முட்டையிடுமா?

ஆகவே மருந்து எப்போதும் அளவோடுதான் கிடைக்கும். முன்பணம் கொடுத்தவருக்கு முதலிடம். இதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பிய நாடு இந்தோனேசியா. அங்கே பறவைக் காய்ச்சலால் மக்கள் பலர் மாண்டனர். அந்நாடு அனுப்பிய கிருமியைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பு மருந்து செய்ய முற்பட்டது என அறிந்ததும், 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாடு மாதிரிகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. எங்கள் நோயாளியின் கிருமி வேண்டும், மருந்து மட்டும் எங்களுக்கு எட்டாத விலையிலா என்பதே அவர்கள் கேள்வி. மாதிரியை நிறுத்தி வைத்தல் உலகுக்கே ஆபத்து என்பதில் ஐயமில்லை. அம்முறையை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் கேள்வி நியாயமானது.

2009இல் அது மெய்யாயிற்று. மெக்சிகோவில் வெளிப்பட்ட புதிய காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, செல்வ நாடுகள் தம் பங்கை முன்னரே ஒப்பந்தம் செய்து வைத்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் நன்கொடையாகப் பெற்று 77 நாடுகளுக்கு வழங்கியது 7 கோடியே 80 லட்சம் ஊசிகள். அவை போய்ச் சேர்வதற்குள் பல இடங்களில் நோய் அலை தணிந்துவிட்டது. இந்திய நிறுவனங்கள் 2010இல் சொந்தமாகத் தடுப்பு மருந்து தயாரித்து வெளியிட்டது நமக்கு ஆறுதல்.

பின்னர் 2011 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஓர் உடன்பாட்டை ஏற்றது. அதன்படி நாடுகள் கொள்ளைநோய் உண்டாக்கக்கூடிய கிருமி மாதிரிகளைத் தடையின்றி அளிக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்களோ, கொள்ளைநோய்க் காலத்தில் தாம் ஆக்கும் மருந்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நன்கொடையாகவோ, தாங்கக்கூடிய விலையிலோ ஒதுக்க ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் போடும் ஊசியின் நிலை வேறு. நமது நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை. பெரும்பாலோர் விலை கொடுத்தே பெறுகின்றனர். கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உடையோர், மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கு இது முக்கியம். காலமும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்ரீநகரில் இக்காய்ச்சல் குளிர்காலத்தில் மிகும். சென்னையிலோ ஐப்பசி மழையோடு வரும். மழைக்கு முன்னரே போட்டுக்கொண்டால்தான் பயனுண்டு. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். மின்சாரம் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி என்னாகிறது என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருமுறை நேரில் பார்த்து வருதல் நலம்.

கிருமி மாதிரி தொடங்கும் இடமும் கிராமந்தான். கொட்டிலில் கோழிகள் திடீரெனக் கூட்டமாக மாண்டால், அவற்றை வாய்க்காலில் எறியாமலும், சமைக்காமலும், கையால் தொடாமலும் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் எடுக்கும் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கப்படும்.